கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் தொட்டி வடிவமைப்பும் நீரோட்டமும்: தங்கல் நேரப் பரவல் நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிகளின் திறன் பெரும்பாலும் கொள்ளளவைக் கொண்டும், அதிலிருந்து கணக்கிடப்படும் சராசரித் தங்கல் நேரத்தைக் கொண்டும் மதிப்பிடப்படுகிறது. ஒரே கொள்ளளவுடைய இரு தொட்டிகள் வடிவத்தால் வேறுபட்டால், அவற்றிலிருந்து வெளியேறும் நீரின் தரமும் பெரிதும் வேறுபடும். நீர்த்துளிகள் அனைத்தும் ஒரே கால அளவு தொட்டியில் தங்குவதில்லை என்பதே இதற்குக் காரணம். குளோரின் தொடர்புத் தொட்டி, படிவுத் தொட்டி, காற்றூட்டத் தொட்டி ஆகிய மூன்றிலும் வடிவம், நுழைவாய், வெளிவாய், தடுப்புச் சுவர் ஆகியவை கலப்பையும் ஓட்டத்தையும் எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஓட்டத் திசைக்குக் குறுக்கே நிகழும் கலப்பு சுத்திகரிப்புக்குத் துணை செய்கிறது. ஓட்டத் திசையிலேயே நிகழும் கலப்பு பெரும்பாலும் அதன் பயனைக் குறைக்கிறது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தங்கல் நேரப் பரவல், குறுக்குவழி ஓட்டம், தேக்க மண்டலம், தடுப்புச் சுவர், அடர்த்தி நீரோட்டம்.

1. முன்னுரை

1914-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரை அடுத்த டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் ஆகிய இருவர் தம் ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். கழிவுநீரைக் கலத்தில் நிரப்பிக் காற்றூட்டி, கசடு படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் வடித்து, படிந்த கசட்டை அடுத்த முறைக்கு அப்படியே வைத்துக்கொண்டால், சுத்திகரிப்புக்கு வேண்டிய காலம் வாரங்களிலிருந்து மணிகளாகக் குறையும் என்று அவர்கள் காட்டினர். இன்று உலகெங்கும் வழங்கும் செயலூட்டிய கசடு முறையின் தொடக்கம் இதுவே.

அவர்களுடைய முறையில் இன்னொரு சிறப்பும் இருந்தது. அது அதிகம் பேசப்படுவதில்லை. கலத்தை நிரப்பிக் குறித்த நேரம் வைத்திருந்து வடிக்கும்போது, உள்ளே இருக்கும் நீர் முழுவதும் ஏறத்தாழ ஒரே கால அளவு சுத்திகரிப்புக்கு உட்படுகிறது. முன்னதாகவே தப்பிச் செல்லும் நீர் என்று ஒன்று இல்லை. பெருநகரங்களின் இடைவிடாத கழிவுநீர் வரத்துக்கு நிரப்பி வடிக்கும் முறை அன்று வசதியாக அமையாததால், ஒருபுறம் நீர் நுழைந்து மறுபுறம் வெளியேறும் தொடர் ஓட்டத் தொட்டிகள் பரவலாயின. தொட்டியின் வடிவம் ஒரு சிக்கலாக எழுந்தது அப்போதுதான். தொடர் ஓட்டத்தில் எந்தத் துளி எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைத் தொட்டியைக் கட்டும் முறையே தீர்மானிக்கிறது.

திட்ட ஆவணங்களில் காணப்படும் தங்கல் நேரம், தொட்டியின் கொள்ளளவை நீரோட்ட அளவால் வகுத்துப் பெறும் ஈவாகும். 600 கன மீட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் மணிக்கு 1200 கன மீட்டர் நீர் பாய்ந்தால் தங்கல் நேரம் 30 நிமிடம். இது ஒரு சராசரி மட்டுமே. இந்தச் சராசரிக்குப் பின்னே மறைந்திருக்கும் பரவலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தங்கல் நேரப் பரவல்

தொடர் ஓட்டக் கலங்களில் நீர்மத்தின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு நேரம் தங்குவதைப் பற்றிய முறையான கோட்பாட்டைக் கேம்பிரிட்ஜ் வேதிப்பொறியியல் அறிஞர் பி. வி. டாங்க்வெர்ட்ஸ் 1953-இல் வெளியிட்ட கட்டுரை நிலைநிறுத்தியது. அக்கோட்பாட்டின் இரு எல்லைகளைப் புரிந்துகொண்டால் நடைமுறைத் தொட்டிகளை எளிதில் மதிப்பிடலாம்.

முதல் எல்லை வரிசை ஓட்டம். நியாயவிலைக் கடையின் வரிசையில் முதலில் வந்தவர் முதலில் வெளியேறுவதுபோல, முதலில் நுழைந்த நீர் முதலில் வெளியேறுகிறது. ஒருவரும் முந்துவதில்லை, ஒருவரும் பின்தங்குவதில்லை. நீண்டு குறுகிய கால்வாய் இந்நிலையை நெருங்கும். இரண்டாவது எல்லை முழுக்கலப்பு. நுழைந்த நீர் அக்கணமே தொட்டி முழுவதும் பரவிவிடுகிறது. ஆகவே நுழைந்த நொடியிலேயே அதன் ஒரு சிறு பகுதி வெளிவாயை அடைந்துவிடுகிறது. முழுக்கலப்புத் தொட்டியில் ஏறத்தாழ 63 விழுக்காடு நீர் சராசரித் தங்கல் நேரம் முடியும் முன்னரே வெளியேறிவிடும். அந்நேரத்தின் பத்தில் ஒரு பங்கு கழிவதற்குள்ளேயே 9.5 விழுக்காடு வெளியேறிவிடும். 30 நிமிடத் தொட்டி எனப்படுவதில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு நீர் 3 நிமிடம்கூடத் தங்குவதில்லை என்பது இதன் பொருள்.

நடைமுறைத் தொட்டிகள் இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் அமைகின்றன. அவற்றில் இரு குறைகள் சேர்ந்தே தோன்றும். நுழைவாயிலிருந்து வெளிவாய்க்கு நீர் நேராகப் பாய்ந்துவிடுவது குறுக்குவழி ஓட்டம். மூலைகளிலும் சுவரோரங்களிலும் நீர் புதுப்பிக்கப்படாமல் சுழன்றுகொண்டிருப்பது தேக்க மண்டலம். தேக்க மண்டலம் எந்த அளவுக்கு இடத்தைப் பிடிக்கிறதோ, அந்த அளவுக்கு எஞ்சிய நீர் விரைந்து செல்ல நேர்கிறது.

இவற்றைக் கண்டறியத் தடமறி பொருள் ஆய்வு பயன்படுகிறது. லித்தியம் குளோரைடு, ரோடமின் சாயம், சமையல் உப்பு போன்ற, வினையில் ஈடுபடாத ஒரு பொருளை நுழைவாயில் இட்டு, வெளிவாயில் அதன் செறிவு நேரத்துடன் மாறுவதை அளப்பர். இட்ட பொருளில் 10 விழுக்காடு வெளியேற ஆகும் நேரத்தைச் சராசரித் தங்கல் நேரத்தால் வகுத்தால் கிடைப்பது தடுப்புக் காரணி. குடிநீர்த் தொட்டிகளுக்கான அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதல், தடுப்புச் சுவர் இல்லாத தொட்டிக்கு 0.1, சராசரி அமைப்புக்கு 0.5, மேம்பட்ட அமைப்புக்கு 0.7, முழுமையான வரிசை ஓட்டத்துக்கு 1.0 என இக்காரணியை வகைப்படுத்துகிறது. 0.1 என்ற மதிப்பு முழுக்கலப்புத் தொட்டியின் கணக்கோடு ஏறத்தாழப் பொருந்துவது கவனத்திற்குரியது.

3. குளோரின் தொடர்புத் தொட்டி: ஒரு கணக்கீடு

நோய்க்கிருமி நீக்கத்தில் வடிவத்தின் விளைவு மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. கிருமிகள் அழியும் வேகம் எஞ்சியுள்ள கிருமிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதை ஹாரியட் சிக் 1908-இல் காட்டினார். அந்த எளிய விதியைக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம்.

நுழையும் நீரில் 100 மில்லிலிட்டருக்குப் பத்து இலட்சம் மலக்கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் உள்ளன எனக் கொள்வோம். வரிசை ஓட்டம் நிலவினால் பத்தாயிரத்தில் ஒன்று மட்டும் எஞ்சும் அளவுக்குக் குளோரினும் தங்கல் நேரமும் அமைக்கப்பட்டுள்ளன எனவும் கொள்வோம். மொத்தக் கொள்ளளவு, நீரோட்டம், குளோரின் அளவு ஆகிய மூன்றையும் மாற்றாமல், தொட்டியைச் சமமான முழுக்கலப்பு அறைகளாகப் பிரித்தால் மட்டும் வெளியேறும் நீரில் எஞ்சும் எண்ணிக்கை பின்வருமாறு அமையும்:

ஒரே அறை: ஏறத்தாழ 98,000
4 அறைகள்: ஏறத்தாழ 8,400
8 அறைகள்: ஏறத்தாழ 2,200
13 அறைகள்: ஏறத்தாழ 950
முழு வரிசை ஓட்டம்: 100

இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017-ஆம் ஆண்டு அறிவிக்கை, சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரில் மலக்கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 1000-க்கும் குறைவாக இருக்க வேண்டும் என வரையறுத்தது. மேற்கண்ட கணக்கில் ஒரே அறையாக உள்ள தொட்டி அந்த வரம்பைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு நுண்ணுயிர்களை வெளியே விடுகிறது. 13 அறைகளாகப் பிரிக்கப்பட்ட அதே தொட்டி வரம்புக்குள் நிற்கிறது. ஆவணத்தில் இரண்டுக்கும் ஒரே தங்கல் நேரமே எழுதப்பட்டிருக்கும்.

குறுக்குவழி ஓட்டத்தின் விளைவு இதனினும் கடுமையானது. தொட்டியின் எஞ்சிய பகுதி குறையின்றிச் செயல்பட்டாலும், நுழையும் நீரில் 1 விழுக்காடு மட்டும் குளோரினுடன் கலவாமல் நேராக வெளியேறினால், அதன்வழியே மட்டும் 100 மில்லிலிட்டருக்கு 10,000 நுண்ணுயிர்கள் வந்துசேரும். இந்நிலையில் குளோரின் அளவை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. தேக்க மண்டலத்தின் விளைவும் சிறியதன்று. வரிசை ஓட்டமுள்ள தொட்டியில் 30 விழுக்காடு கொள்ளளவு தேக்கமாகிவிட்டால், எஞ்சும் எண்ணிக்கை 100-இலிருந்து ஏறத்தாழ 1,600 ஆகிறது.

உண்மையில் குளோரின் நேரம் செல்லச் செல்லக் குறைவதாலும், கழிவுநீரிலுள்ள அம்மோனியாவுடனும் கரிமப் பொருள்களுடனும் வினைபுரிவதாலும், மேற்கண்ட எண்கள் கள மதிப்புகளோடு அப்படியே பொருந்தமாட்டா. ஆயினும் அறைகளுக்கு இடையிலான ஒப்பீட்டின் போக்கு மாறுவதில்லை.

தீர்வு எளிய கட்டுமானத்திலேயே உள்ளது. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழமுள்ள 600 கன மீட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் நீள அகல விகிதம் 2:1. தொட்டிக்குக் குறுக்கே ஒன்பது தடுப்புச் சுவர்களை எழுப்பி, ஒவ்வொன்றிலும் ஒருமுனை மட்டும் மாறிமாறித் திறந்திருக்குமாறு விட்டால், நீர் 2 மீட்டர் அகலமுள்ள பத்து வாய்க்கால்கள் வழியே பாம்புபோல் வளைந்து செல்லும். பாதையின் நீளம் ஏறத்தாழ 100 மீட்டராகவும், நீள அகல விகிதம் 50:1 ஆகவும் மாறிவிடும். தொடர்புத் தொட்டிகளுக்கு 40:1 அல்லது அதற்கு மேற்பட்ட விகிதம் பொறியியல் நூல்களில் பரிந்துரைக்கப்படுவதற்குக் காரணம் இதுவே. மணிக்கு 1200 கன மீட்டர் ஓட்டத்தில் நீரின் சராசரி வேகம் நொடிக்கு 1.1 சென்டிமீட்டரிலிருந்து 5.6 சென்டிமீட்டராக உயரும். திருப்பங்களில் சிறிதளவு நீர்மட்ட இழப்பு ஏற்படும் என்பதையும், திருப்பத்துக்கு அப்பால் சுவரை ஒட்டிச் சிறு தேக்கங்கள் உருவாகும் என்பதையும் வடிவமைப்பாளர் கணக்கில் கொள்ள வேண்டும். திறப்பின் அகலம் வாய்க்காலின் அகலத்தைவிட மிகக் குறைந்தால் நீர் பீறிட்டுப் பாய்ந்து அத்தேக்கங்களைப் பெருக்கிவிடும்.

4. படிவுத் தொட்டி: ஆழமும் அடர்த்தியும்

குளோரின் தொட்டியில் நேரமே முதன்மையானது. படிவுத் தொட்டியிலோ நேரத்தைவிடப் பரப்பளவு முதன்மை பெறுகிறது. ஆலன் ஹேசன் 1904-இல் முன்வைத்து, தாமஸ் கேம்ப் 1946-இல் விரித்துரைத்த கருத்து இது. அமைதியான ஓட்டமுள்ள தொட்டியில் ஒரு துகள் படியுமா என்பது நீரோட்ட அளவைத் தொட்டியின் மேற்பரப்பால் வகுத்துப் பெறும் மேற்பரப்புச் சுமையைப் பொறுத்தது. அச்சுமை மணிக்கு 1 மீட்டர் என்றால், மணிக்கு 1 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கும் துகள்கள் அனைத்தும் படிந்துவிடும். ஆழத்தை இரட்டித்தால் தங்கல் நேரம் இரட்டிக்கும்; ஆனால் துகள் இறங்கவேண்டிய தொலைவும் இரட்டிப்பதால் தனித்தனியாக இறங்கும் துகள்களைப் பொறுத்தவரை பயன் ஒன்றும் விளைவதில்லை.

இக்கோட்பாடு சீரான ஓட்டத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. செயலூட்டிய கசடு முறையின் இறுதிப் படிவுத் தொட்டிகளில் அச்சீர்மை கிடைப்பதில்லை. காற்றூட்டத் தொட்டியிலிருந்து வரும் கசடு கலந்த நீர், படிவுத் தொட்டியிலுள்ள தெளிந்த நீரைவிடச் சற்றே அடர்த்தி மிகுந்தது. லிட்டருக்கு 3000 மில்லிகிராம் கசடு இருந்தாலும் அடர்த்தி வேறுபாடு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அளவிலேயே இருக்கும். மெதுவாக நகரும் நீரில் இச்சிறு வேறுபாடே போதுமானது. உள்வரும் நீர் நுழைவாயை அடுத்துக் கீழ்நோக்கி விழுந்து, அடித்தளத்தை ஒட்டி விரைந்தோடி, எதிர்ச்சுவரில் மோதி மேலெழுகிறது. மேற்பரப்பில் அதனை ஈடுசெய்யும் எதிரோட்டம் தோன்றுகிறது.

சிகாகோ நகரின் இறுதிப் படிவுத் தொட்டிகளைப் பற்றி ஆண்டர்சன் 1945-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வடர்த்தி நீரோட்டத்தை வடிவமைப்பின் மையச் சிக்கலாக முன்னிறுத்தியது. அதன் நடைமுறை விளைவு தெளிவானது. தெளிந்த நீர் வழிந்தோடும் விளிம்பு எதிர்ச்சுவரின் மேலேயே அமைந்திருந்தால், மோதி மேலெழும் ஓட்டம் கசட்டையும் தூக்கிக்கொண்டு அவ்விளிம்பைக் கடந்துவிடும். வெளியே எடுக்க வேண்டிய இடத்திற்கே கசட்டைத் தொட்டி கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

இதற்கு மூன்று வகைத் தீர்வுகள் வழக்கில் உள்ளன. முதலாவது, வட்டத் தொட்டியின் நடுவே நுழைவாயைச் சுற்றி ஓர் உருளைத் தடுப்பை அமைத்து, உள்வரும் நீரின் வேகத்தை அங்கேயே தணித்துக் கசட்டுத் திரள்கள் ஒன்றுசேர இடமளிப்பது. இரண்டாவது, வழிந்தோடு விளிம்பைச் சுவரிலிருந்து உள்நோக்கி நகர்த்துவது. மூன்றாவது, விளிம்பின் கீழே சுவரிலிருந்து சரிவாக நீட்டப்பட்ட தட்டை அமைத்து, மேலெழும் ஓட்டத்தைத் தொட்டியின் நடுப்பகுதிக்குத் திருப்பிவிடுவது. அமெரிக்காவின் ஸ்டாம்ஃபோர்டு நகரின் பெயரால் வழங்கும் தடுப்பு இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

வெப்பநிலையும் அடர்த்தி நீரோட்டத்தை உண்டாக்கும். உள்வரும் நீர் தொட்டி நீரைவிட வெதுவெதுப்பாக இருந்தால், அது அடியில் செல்லாமல் மேற்பரப்பில் மிதந்து நேராக வெளிவாயை அடையும். வெப்ப நாடுகளின் நிலைப்படுத்தல் குளங்களில் பகல்நேர வெயிலால் நீர் அடுக்குகளாகப் பிரிவதும், காற்றின் திசையால் மேற்பரப்பு நீர் தள்ளப்படுவதும் இதே விளைவைத் தருகின்றன. ஒரு பெரிய குளத்துக்குப் பதிலாகச் சம அளவுள்ள பல குளங்களைத் தொடராக அமைப்பது கிருமி நீக்கத்துக்கு உகந்தது என்று மராய்ஸ் 1974-இல் காட்டியது, முந்தைய பகுதியில் கண்ட அறைக் கணக்கின் மற்றொரு வடிவமேயாகும்.

5. காற்றூட்டத் தொட்டி: எந்தத் திசையில் கலப்பு?

காற்றூட்டத் தொட்டியில் கலப்பு தவிர்க்க முடியாதது. நுண்ணுயிர்த் திரள்கள் அடியில் படியாமல் மிதக்க வேண்டும். உயிர்வளி எல்லா இடத்தையும் எட்ட வேண்டும். ஆகவே கலப்பு தேவையா என்பதைவிட, அது எந்தத் திசையில் தேவை என்பதே இங்கு எழும் வினா.

நீண்ட தொட்டியின் ஒருபுறச் சுவரை ஒட்டிக் காற்றுத் துளைக்குழாய்களை அமைத்தால், அப்பக்கம் நீர் மேலெழுந்து மறுபக்கம் கீழிறங்கும். முன்னோக்கிய ஓட்டத்தோடு சேர்ந்து இது சுருள் ஓட்டமாகிறது. அகலத்திலும் ஆழத்திலும் நீர் நன்கு கலக்கிறது. நீளவாக்கில் குறைவாகவே கலக்கிறது. இத்தகைய தொட்டியின் தலைப்பகுதியில் உணவுச் செறிவு மிகுந்தும், கடைப்பகுதியில் குறைந்தும் காணப்படும்.

இந்தச் செறிவு வேறுபாடு நுண்ணுயிர்களின் வகையையே மாற்றுகிறது. முழுக்கலப்புத் தொட்டியில் உணவுச் செறிவு எங்கும் தாழ்ந்தே இருப்பதால், குறைந்த செறிவிலும் உணவைப் பற்றிக்கொள்ளும் இழை நுண்ணுயிர்கள் பெருகக்கூடும். அவை பெருகினால் கசடு பஞ்சுபோல் உப்பி, படிவுத் தொட்டியில் படிய மறுக்கிறது. செக்கோஸ்லோவாகியாவில் சுடோபாவும் அவர்தம் குழுவினரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வுகள், தொட்டியின் கலப்பு முறைக்கும் இழை நுண்ணுயிர்ப் பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவின. காற்றூட்டத் தொட்டிக்கு முன்னே சிறு தேர்வுத் தொட்டியை அமைத்து, கசட்டை முதலில் மிகுந்த உணவுச் செறிவுக்கு உட்படுத்தும் முறை இதிலிருந்து வளர்ந்தது. இறுதித் தொட்டியில் தோன்றும் நோயின் வேர் முந்தைய தொட்டியின் வடிவத்தில் இருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

முழுக்கலப்புக்கும் உரிய இடம் உண்டு. தொழிற்சாலைக் கழிவில் நச்சுப்பொருள் திடீரென மிகுந்து வந்தால், வரிசை ஓட்டத் தொட்டியின் தலைப்பகுதி நுண்ணுயிர்கள் அதன் முழுச் செறிவையும் எதிர்கொள்ள நேரும். முழுக்கலப்புத் தொட்டியில் அது உடனே நீர்த்துவிடுகிறது. எனவே வடிவத் தேர்வு கழிவின் இயல்பைப் பொறுத்தது.

இவ்விரு போக்குகளையும் ஒருசேரக் கொண்டது நெதர்லாந்தில் பாஸ்வீர் உருவாக்கி 1954-இல் வூர்ஸ்கோட்டன் ஊரில் செயலுக்கு வந்த ஆக்சிஜனேற்றக் கால்வாய். நீள்வட்டக் கால்வாயில் நீர் சுற்றிச்சுற்றி ஓடுகிறது. கசடு படியாதிருக்க நொடிக்கு ஏறத்தாழ 0.3 மீட்டர் வேகம் பேணப்படுகிறது. 300 மீட்டர் சுற்றளவுள்ள கால்வாயில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். ஒரு நாள் தங்கல் நேரத்துக்குள் நீர் சராசரியாக எண்பதுக்கு மேற்பட்ட முறை சுற்றிவிடும். ஆகவே நச்சுப்பொருளைப் பொறுத்தவரை அது முழுக்கலப்புத் தொட்டி. ஆனால் காற்றூட்டியை அடுத்து உயிர்வளி மிகுந்தும், அதிலிருந்து விலகச் செல்லச் செல்லக் குறைந்தும் இருப்பதால், ஒரே கால்வாயில் நைட்ரேட்டாக்கமும் நைட்ரேட் நீக்கமும் அடுத்தடுத்து நிகழ இயலும்.

6. வடிவமைப்புக்கான கருத்துகள்

மேற்கண்ட மூன்று தொட்டிகளிலிருந்தும் பொதுவான சில முடிவுகளைப் பெறலாம். நுழைவாய் தொட்டியின் ஒரு புள்ளியில் நீரைப் பீறிட விடாமல், அகலம் முழுவதும் பகிர்ந்தளிப்பதாக இருக்க வேண்டும். நுழைவாயும் வெளிவாயும் ஒரே நேர்க்கோட்டில் தடையின்றி எதிர்ப்பட்டால் குறுக்குவழி ஓட்டத்துக்கு வழி ஏற்படும். கலக்கி பொருத்திய வட்டத் தொட்டியில் சுவரோரச் செங்குத்துத் தடுப்புகள் இல்லையெனில், நீர் கலவாமல் ஒரே சுழலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். தொட்டி விட்டத்தின் பத்தில் ஒரு பங்கு முதல் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை அகலமுள்ள நான்கு தடுப்புகள் அச்சுழலை முறித்து மேல்கீழ்க் கலப்பை உண்டாக்குகின்றன.

கணினிவழிப் பாய்ம இயக்கவியல் இன்று இவ்வோட்டங்களைக் கட்டுமானத்துக்கு முன்னரே படமாக்கிக் காட்டுகிறது. எனினும் கசட்டின் அடர்த்தி, திரளாதல் போன்றவற்றைக் கணினி மாதிரி எவ்வாறு எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே முடிவு அமையும். கட்டிய தொட்டியில் தடமறி பொருள் ஆய்வு நடத்தி அதனோடு ஒப்பிட்ட பின்னரே அம்மாதிரியை நம்பிப் பயன்படுத்தலாம். உப்பும் மின்கடத்துதிறன் அளவியும் கொண்டு பொறியியல் கல்லூரி மாணவர்களே செய்யக்கூடிய ஆய்வு இது.

7. முடிவுரை

ஆர்டெர்னும் லாக்கெட்டும் பயன்படுத்திய கலத்தில் எல்லா நீரும் ஒரே நேரம் தங்கியது. தொடர் ஓட்டத்துக்கு மாறியபோது சுத்திகரிப்புத் துறை அந்த உறுதியை இழந்தது. அதனை மீட்கும் முயற்சியாகவே தடுப்புச் சுவர்களையும், தொடர் அறைகளையும், தேர்வுத் தொட்டிகளையும் காணலாம். நிரப்பி வடிக்கும் தொகுதிமுறைத் தொட்டிகள் தானியங்கிக் கட்டுப்பாட்டின் துணையுடன் மீண்டும் பரவலாகியிருப்பதும் இப்பின்னணியில் நோக்கத்தக்கது.

சுத்திகரிப்பு நிலையம் ஒன்று தரவரம்பை எட்டத் தவறும்போது, குளோரினைக் கூட்டுவதும் புதிய தொட்டி கட்டுவதுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. இருக்கும் தொட்டிக்குள் நீர் எவ்வழியே செல்கிறது என்று அளந்தறிவது அவற்றுக்கு முன்னே செய்யத்தக்கது. இக்கட்டுரையின் கணக்கு காட்டியவாறு, கொள்ளளவும் குளோரினும் மாறாமலே, எஞ்சும் கிருமிகளின் எண்ணிக்கையை நூறில் ஒரு பங்காகக் குறைக்கும் வாய்ப்பு வடிவத்தில் மட்டுமே இருக்கக்கூடும். வெளியேறும் நீர் சென்று சேரும் ஆற்றையும் ஏரியையும் பயன்படுத்துவோருக்குச் சராசரித் தங்கல் நேரம் காப்பளிப்பதில்லை; மிகக் குறைந்த நேரம் தங்கிய நீரே அவர்களுக்கு நேரும் இடரைத் தீர்மானிக்கிறது. எனவே வடிவமைப்பு ஆவணங்களில் தங்கல் நேரத்தோடு தடுப்புக் காரணியும் அளந்து பதியப்படுதல் வேண்டும்.